மடக்குக் கத்திக்கு இரண்டு பெயர்

அந்தக் கத்தியை வாங்கியபோது கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்.

ஷரஃபுதீன், கடைக்காரர். கச்சேரி ரோட்டில் பூட்டு, கீல், ஆணி, கத்தி எல்லாம் விற்பவர்.

இனாயத், ஒயர்மேன். கத்தி வாங்க வந்தவன்.

தேசப்பன், நொச்சிக்குப்பத்து மீன்பிடிக்காரன். கத்தி பார்த்துச் சொல்ல வந்தவன்.

பஞ்சாபகேசய்யர், வக்கீல் குமாஸ்தா. பென்சில் சீவுவதற்குப் பேனாக்கத்தி வாங்க வந்தவர். வாங்கிய பிறகும் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்.

நான்கு பேருக்கும் கண் நன்றாகத் தெரியும். நடந்ததெல்லாம் நான்கு பேருக்கும் நினைவில் இருந்தது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போயிற்று என்பதுதான் விஷயம்.

முப்பத்து நாலாம் வருஷம், பங்குனி மாதம், அறுபத்து மூவர் உற்சவ நாள். காலை ஒன்பது மணிக்கே கச்சேரி ரோட்டில் ஜனம் நெரிந்தது. எல்லோரும் குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இனாயத்துக்கும் சாமிக்கும் சம்பந்தம் இல்லை. அவன் அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் அடையாற்றில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடையாற்றில் ஒரு பங்களா. விளக்கு, விசிறி, தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கும் ஒயர்மேன் ஒருவன் வேண்டியிருந்தது. சம்பளத்தோடு பின்கட்டில் இரண்டு அறை. சொந்தச் சாமான்களோடு வர வேண்டும் என்றார் மேனேஜர். முன்பு இருந்தவன் திருட்டுச் சாமான் கொண்டுவந்து வம்பாகிவிட்டதால், புதிதாக வாங்குவது எதுவானாலும் கடைச் சீட்டு வேண்டும் என்றார். மார்ச் இருபத்தெட்டாம் தேதி, அதாவது அன்றைக்கு, சாயங்காலம் ஆறு மணி, தவறினால் அடுத்தவன்.

இனாயத் கெட்டிக்காரன். தேனாம்பேட்டைக்கு அப்பால் புதிதாக எழும்பிய தியாகராய நகரில் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஒயர் இழுத்தவன். வீடு கட்டுவது மந்தமானதும் கான்ட்ராக்டர் அவனை நிறுத்திவிட்டார். ஐந்து மாதமாக வேலை இல்லை. குடியிருந்த அறையையும் காலி செய்யச் சொல்லி ஆயிற்று. அவன் மனைவி அஃப்சருன்னிசா, நிறைமாதக்காரி, மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். குறடு இருந்தது, திருப்புளி இருந்தது, சுத்தியல் இருந்தது. கத்தி மட்டும் இல்லை. பழைய கத்தி போன வருஷம் உடைந்தது. உடைவதற்கு முன்னால் அது படக்கென்று மடங்கி அவனுடைய இடது ஆள்காட்டி விரலின் நுனியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

தேசப்பனை அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். சாந்தோமில் ஒரு வீட்டுக்கு ஒயர் இழுத்தபோது ஏணி பிடிக்க ஆள் இல்லை. கடலுக்குப் போகாத நாள்களில் தேசப்பன் பிடித்தான். அப்படிப் பழக்கம். கத்தி விஷயத்தில் தனக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று தேசப்பனுக்கு ஓர் எண்ணம். அது வெறும் பெருமையும் இல்லை. வலைக்கயிறு காலில் சுற்றிக்கொண்டால் ஒரே கையால் கத்தியைத் திறக்க வேண்டும். திறக்க முடியாதவனைக் கரையில் பார்க்க முடியாது. அவனுடைய கத்தி எப்போதும் இடுப்புக் கயிற்றில், சட்டைக்கு அடியில் தொங்கும். தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

ஷரஃபுதீன் கண்ணாடி மூடி போட்ட பெட்டியைத் திறந்து நாலு மடக்குக் கத்திகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"பாருங்கோ, பாருங்கோ. நல்லா தொட்டுப் பாருங்கோ. கையை அறுத்துக்கினா மட்டும் நான் பொறுப்பில்லே."

முதல் கத்தி, ஐயர் வாங்கியதற்கு ஜோடி. சுண்டுவிரல் நீளம், எலும்புப் பிடி, சின்ன அலகு ரெண்டு.

"இதே போதும்பா," என்றான் இனாயத். "ஜேபில போட்டா கீறதே தெரியாது."

"தெரியாம வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே? பல்லு குத்தவா?"

"ஏன், பேஷா பென்சில் சீவலாமே," என்றார் பஞ்சாபகேசய்யர். "மூணு வருஷமா இதே மாதிரி ஒண்ணை வெச்சுண்டுதான் நான் காலம் தள்ளிண்டிருந்தேன். சீமைச் சரக்கு. மெதுவாச் சொல்றேன், பகிஷ்காரக்காரா காதுல விழுந்துடப் போறது."

"சாமிக்குப் பென்சிலு. இவன் ரப்பர் ஒயரு தோலு உரிக்கணும்," என்றான் தேசப்பன். அலகைத் திறந்தான். அதன் முதுகை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான். அலகு பட்டென்று மடங்கியது. இனாயத்தின் இடது கையைப் பிடித்துத் தூக்கி, குறைந்துபோன விரலை எல்லோருக்கும் காட்டினான். "இது எப்டி போச்சு? இந்த மாரி ஒண்ணாலதான?"

இனாயத் கையை உருவிக்கொண்டான்.

இரண்டாவது, தகரப் பிடி போட்ட ஜெர்மன் கத்தி. தேசப்பன் காதோரம் வைத்து ஆட்டினான். உள்ளே எதுவோ கலகலத்தது.

"கிலுகிலுப்பை. கொழந்த பொறந்தப்பறம் வாங்கிக் குடு."

மூன்றாவது பித்தளைப் பிடி. கனம். ஷரஃபுதீன் அதைப் புகழ வாயெடுப்பதற்குள் இனாயத்தே தள்ளிவிட்டான். "பித்தளைப் பிடியா? கரண்டு ஏறுச்சின்னா, பாய், நான் ஏணியில எறங்க மாட்டேன். நேரா மேலதான்."

ஐயர் சிரித்தார். "வாஸ்தவம்."

நான்காவது, கறுப்பு மரப் பிடி. அலகு உள்ளங்கை நீளம். பிடியின் முதுகில் ஒரு சின்ன வளையம். திறந்தால் டக்கென்று ஒரு சத்தத்தோடு அலகு பூட்டிக்கொள்ளும். வளையத்தை இழுத்தால்தான் திரும்ப மடங்கும். தேசப்பன் அதை மேஜை விளிம்பில் வைத்து முழங்கையால் அழுத்தினான். அசையவில்லை. கையை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு ஒரே விரலால் திறந்தான். திறந்தது. ஆணி ஆடுகிறதா என்று அலகை இரண்டு பக்கமும் நெளித்துப் பார்த்தான். ஆடவில்லை.

"இதான்," என்றான்.

இனாயத் வாங்கிப் பார்த்தான். திறந்தான், மூடினான். மறுபடியும் திறந்தான்.

"பெருசா கீதே தேசப்பா. பாத்தா ஒரு மாரியா தெரியுது."

"கத்தி கத்தி மாரிதான் தெரியும். பின்ன பூ மாரியா தெரியும்?"

"தெனமும் ஜேபில வெச்சிக்கினு போறது. பங்களாவுல பொம்பளைங்க கீறாங்க. எடுத்தா பயந்துக்க மாட்டாங்களா?"

"பயந்தா பயந்துக்கட்டும். இன்னொரு வெரலு போச்சுன்னா உன்ன வெச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க அங்க? தோட்டத்துல நட்டு வெப்பாங்களா?"

"அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கோல்லியோ," என்றார் ஐயர்.

இனாயத் இன்னொரு தடவை அந்த எலும்புப் பிடிக் கத்தியைப் பார்த்தான். பிறகு பெரியதையே எடுத்துக்கொண்டான். ஷரஃபுதீன் பென்சிலை நாக்கில் தொட்டு உருதில் சீட்டு எழுதிக் கொடுத்தார். தேசப்பனுக்கு எந்த பாஷையிலும் எழுத்துத் தெரியாது. சீட்டு என்று ஒன்று இருந்தது, அதில் என்னவோ எழுதியிருந்தது. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

கடையை விட்டு இறங்கி அரை பர்லாங்குகூடப் போகவில்லை. குளத்து மூலையில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. திருவிழாவில் ஜேப்படிக்காரர்கள் வருவார்கள் என்று போலீசார் ஆளை நிறுத்தித் தடவிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஏட்டு இனாயத்தின் ஜிப்பாவைப் பற்றி இழுத்தார்.

"டேய் ஜிப்பா. நில்லு. ஜேபில இன்னாடா கனமா?"

இனாயத் வீட்டில் உருது பேசுகிறவன். தமிழும் நன்றாக வரும். தேசப்பனோடு சண்டை போடுவதெல்லாம் தமிழில்தான். ஆனால் முகத்துக்கு நேரே ஒரு தடியும் ஓங்கிய கையும் நின்றபோது, வாயில் வந்தது வீட்டு வார்த்தை. உருதில் மடக்குக் கத்திக்குப் பெயர் சாக்கு.

"சாக்கு, சாப்."

"சாக்கா? எங்கிட்டயே சாக்கு சொல்றியா?"

அறை விழுந்தது. தொப்பி பறந்தது. இனாயத்துக்கு அந்த வார்த்தை சரியில்லை என்று மட்டும் புரிந்தது. வேறு வார்த்தை தேடினான். தேடிய இடத்திலும் உருதுதான் இருந்தது.

"இல்ல சாப், சுரி! சுரி!"

அவர்கள் வீட்டில் வெங்காயம் நறுக்குவதும் சுரி, ரொட்டி அறுப்பதும் சுரி. சுரி என்றால் கத்தி, அதற்குமேல் ஒன்றும் இல்லை. தமிழில் சூரி என்பது வேறு சமாச்சாரம். ஆளைக் குத்தப் போகிறவன் இடுப்பில் செருகிக்கொண்டு போவது சூரி. ஏட்டின் காதில் குறில் நெடிலாகிவிட்டது.

"சூரியா! அவன் வாயாலயே சொல்றான்யா!" ஏட்டு ஜேபிக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்தார், திறந்தார். டக்கென்று பூட்டிக்கொண்டது. சுற்றி நின்ற ஜனம் இரண்டடி பின்வாங்கியது. யாரோ ஒரு பெண்பிள்ளை கத்தினாள்.

"கத்தி சார்! வெறும் கத்தி சார்! ஒயர் சீவற கத்தி!" இப்போது இனாயத்துக்குத் தமிழ் வந்துவிட்டது. அதற்குள் அவன் கையைப் பின்னால் முறுக்கியாயிற்று.

தேசப்பன் குறுக்கே விழுந்தான். "ஐயா, ஐயா, இவன் ஒயர்மேனு ஐயா. இப்பத்தான் வாங்கினோம். சின்னதுதான் கேட்டான். அது சரிப்படாதுன்னு..."

"சின்னதா வெச்சிருந்தா ஜேப்படி கேஸு. பெருசுக்கு வேற கேஸு. நீ யார்றா, அவங்கூட வந்தவனா?" ஏட்டு அவன் பக்கம் திரும்பினார். மூக்கைச் சுளித்தார். "ச்சே, இன்னாடா இந்த நாத்தம்! தள்ளி நில்லு."

விடியற்காலையில் கரை இறக்கிய மீனின் வாடை. அது தேசப்பனைக் காப்பாற்றியது. அவனைத் தடவிப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. சட்டைக்கு அடியில் அவனுடைய கத்தி அதன்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குமேல்தான் ஸ்டேஷனுக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகவே பேசினார். திருவிழா வேலையில் அவருக்குத் தலை போகிற அவசரம். கத்தியும் சீட்டும் அவர் மேஜைமேல் கிடந்தன. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"ஆறு மணிக்கு அடையார் போகணும்கிறான். அதெல்லாம் எனக்கு வேண்டாம். இவன் கத்தி வாங்கினதைப் பார்த்த யோக்கியமான ஆள் ஒருத்தர் வந்து, தொழிலுக்குத்தான் வாங்கினான்னு சொல்லட்டும். விட்டுடறேன். நாலு மணி வரைக்கும் டைம். அப்புறம் நாளைக்குக் கோர்ட்டு."

"நானே பாத்தேன் ஐயா," என்றான் தேசப்பன்.

"யோக்கியமான ஆள்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. அது வேடிக்கைக்குச் சொன்ன வார்த்தை இல்லை.

பஞ்சாபகேசய்யர் வீடு சித்திரக்குளத்துப் பக்கம். தேசப்பன் விசாரித்துக்கொண்டு போய்த் தெருவில் நின்று கூப்பிட்டான். நாலு தடவை கூப்பிட்ட பிறகு ஐயர் வெற்றிலையை மென்றுகொண்டு வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வார்த்தைகூடத் தவற விடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் தெருவின் இரண்டு கோடியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பாவம். நல்ல பையன். நான் பார்த்தேனே, வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லிண்டிருந்தான்."

"அத்த அங்க வந்து சொல்லு சாமி. போதும்."

"எப்படிடா வர்றது? எங்க வக்கீல் சர்க்கார் பக்கம் ஆஜராறவர். இன்னிக்கு நான் போய் இந்தப் பக்கம் சாட்சி சொன்னா, நாளைக்கு எந்த மூஞ்சியோட ஆபீசுக்குப் போறது? ஆத்துல கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு ரெண்டு."

"ஒரே ஒரு வார்த்தை சாமி."

"அந்தப் பிள்ளையாண்டானும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். பார்த்தியோல்லியோ என்ன ஆச்சுன்னு? சூரின்னு அவன் வாயால சொல்லி, ஏட்டு எழுதியும் ஆச்சு. இனிமே நான் என்ன சொன்னாலும் அது சூரிதான். முப்பது வருஷமா இந்தக் காகிதங்களோட மாரடிக்கறேன், எனக்குத் தெரியும்." கொஞ்சம் யோசித்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. உபகாரம் செய்யவே ஆசைப்பட்டார், வீட்டு வாசலில் நின்றபடி செய்யக்கூடிய உபகாரமாக இருந்தால். "சாயபு சீட்டு எழுதிக் கொடுத்தாரே, அது எங்கே?"

"மேஜை மேல கீது. படிக்க ஆளு இல்ல."

"அசடே! அதுதாண்டா சாட்சி. என்னைவிடப் பெரிய சாட்சி. எழுதினவரையே கூட்டிண்டு போய்ப் படிக்கச் சொல்லு. மனுஷாள் சொல்றதைத் தள்ளிடலாம், எழுத்தைத் தள்ள முடியுமோ? ஓடு, ஓடு."

தேசப்பன் ஓடினான். ஐயர் சொன்னது அவனுக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. எழுத்துத் தெரியாதவனுக்கு எழுத்தின்மேல் இருக்கிற நம்பிக்கை எழுதத் தெரிந்தவனுக்குக்கூட இருக்காது.

ஷரஃபுதீன் மறுபேச்சுப் பேசவில்லை. கடைப் பலகைகளைச் செருகிவிட்டு, தொப்பியை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். வழியெல்லாம் ஏட்டைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"முப்பது வருஷம் இந்த ரோட்டுல. என் கடையிலே வாங்கின சாமானுக்குக் கேஸா? நான் சொல்றேன் வா. நம்ம புள்ளை அவன்."

சாமி புறப்பாட்டுக்குத் தெருவெல்லாம் அடைத்திருந்தது. சந்து சந்தாகச் சுற்ற வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்கு ஒரு தெரு இருக்கும்போது ஷரஃபுதீன் நின்றுவிட்டார். ஒரு சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"தேசப்பா. அந்தச் சீட்டுலே நான் இன்னா எழுதினேன்?"

"எனக்கு எப்டி பாய் தெரியும்? கத்தின்னு எழுதிருப்பே."

"சுரின்னு எழுதிட்டேண்டா. சின்னதுன்னா சாக்கு. பெரிய சரக்கு எதுவா இருந்தாலும் சுரின்னுதான் எழுதற பழக்கம். பெட்டியிலேயும் அப்டித்தான் எழுதி ஒட்டிருக்கேன்." வந்த வழியே திரும்பினார். "நான் வரலே. போயிடறேன்."

தேசப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மணிக்கூண்டு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நாலு அடித்துவிட்டதா என்று தெரியவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

"பாய், அங்க எவனுக்கு உங்க எழுத்து தெரியும்? நீ எழுதினத நீதான படிக்கப் போறே? பேனாக்கத்தின்னு படி."

"பொய்யா? இப்பத்தாண்டா பக்ரீத் முடிஞ்சுது."

"அவன் பொண்டாட்டி வயித்துல புள்ளையோட மூட்டையக் கட்டிக்கினு கீது பாய். ஒரு வார்த்த. படிச்சிட்டு வந்துடு. அதோட போச்சு."

ஷரஃபுதீன் தொப்பியைச் சரி செய்துகொண்டார். பிறகு நடந்தார். இப்போது ஏட்டைத் திட்டவில்லை.

இனாயத்தை உள்ளேயிருந்து கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். இடது கன்னம் வீங்கியிருந்தது. ஷரஃபுதீனைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஓர் உயிர் வந்தது. மேஜைமேல் கிடந்த சீட்டையும் பார்த்தான், கதவுக்கு வெளியே வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்றும் பார்த்தான். இன்னும் ஓடிப் போனால் அடையாறு போய்ச் சேர்ந்துவிடலாம்.

சப் இன்ஸ்பெக்டர் சீட்டை நீட்டினார். "நீர் எழுதினதுதானே? படியும்."

ஷரஃபுதீன் சீட்டைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார். பொய் பழக்கமில்லாதவர். பழக்கமில்லாதவர்கள் எல்லோரையும் போல வேண்டியதற்குமேல் சொன்னார்.

"பேனாக்கத்தி, ஒண்ணு. பென்சில் சீவறதுக்கு."

சப் இன்ஸ்பெக்டர் கத்தியை எடுத்துத் திறந்தார். டக். உள்ளங்கை நீள அலகைப் பார்த்தார்.

"எவ்வளவு பெரிய பென்சில் ஓய்?"

ஏட்டு சிரித்தார். வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டார்.

"வெளியில கூட்டத்துல கய்யூம் நிக்கறான். கூப்பிடு."

அப்துல் கய்யூம் என்று அந்த ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் இருந்ததே தேசப்பனுக்குத் தெரியாது. உயரமான ஆள், ஒல்லி, வெயிலில் நின்று வேர்த்திருந்தான். சீட்டைப் பார்த்தான். ஷரஃபுதீனைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கய்யூம் யோக்கியன். அன்று அந்த ஸ்டேஷனில் தேவையில்லாத ஒன்று அதுதான்.

"சுரி, ஒண்ணு, பெரிசுன்னு எழுதியிருக்கு சார்."

"பேனாக்கத்தின்னு எங்கேயாவது இருக்கா? பென்சில்னு?"

"இல்லை சார்." கய்யூம் சீட்டை மேஜைமேல் வைத்தான். "ஆனா சார், எங்க பாஷையிலே சுரின்னா சும்மா கத்தி சார். தமிழ்லே சொல்ற சூரி இல்லே."

"இதுக்கு உங்க பாஷையில என்ன? மடக்கறதுக்கு?"

"மடக்கறதுக்குச் சாக்குன்னு சொல்லுவோம் சார்."

இனாயத் துள்ளினான். "அதைத்தான் சார் நான் மொதல்ல சொன்னேன்! சாக்கு, சாக்குன்னுதான் சொன்னேன் சார்! ஏட்டையாவையே கேளுங்க!"

"ஆமா சார்," என்றார் ஏட்டு. "மொதல்ல சாக்குத்தான் சொன்னான். ஒண்ணு விட்டேன். அப்பறம்தான் சூரின்னு உண்மைய ஒத்துக்கினான்."

கய்யூம் வாசல் பக்கம் நகர்ந்து நின்றான். அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது? சப் இன்ஸ்பெக்டர் விரல்விட்டு எண்ணினார். பிடிபட்டவன் சூரி என்கிறான். விற்றவன் சூரி என்று எழுதியிருக்கிறான். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளாமல் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். பேசி வைத்துக்கொண்டு வந்தபோதுதான் பேனாக்கத்தி என்கிறார்கள். இதைவிடச் சுத்தமான கேஸ் தனக்கு இந்த வருஷம் வாய்த்ததில்லை என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"ஓய், உம்மை இப்போ ஒண்ணும் செய்யலே. நாளைக்கு வந்து உம்ம கத்திப் பெட்டியைப் பார்க்கறோம். போம்."

ஷரஃபுதீன் இனாயத்தின் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

சப் இன்ஸ்பெக்டர் கத்தியை மடக்கப் பார்த்தார். வளையம் அவருக்குப் பிடிபடவில்லை. ஏட்டு வாங்கி மடக்கிக் கொடுத்தார்.

"ஒயர் சீவறவன் இத்தனாம் பெரிசை வாங்குவானா? சின்னதுதான் கேட்டேன்னு சொல்றே. அப்போ இதை வாங்கச் சொன்னது யாருடா?"

இனாயத் தேசப்பனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஒரு கறையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாருடா?"

நான்தான் என்று சொன்னால் போதும். கடலில் நான் வைத்திருப்பதும் இதே மாதிரிதான், இதோ பாருங்கள், இதில் குத்துவதற்கு ஒன்றும் இல்லை, விரல் போகாமல் இருப்பதற்குத்தான் இது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் தேசப்பன் நினைத்தான். சட்டைக்கு அடியில் கத்தி இடுப்பெலும்பில் குளிர்ச்சியாக அழுத்தியது. சொன்னால் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் கடற்கரையில் உப்புச் சத்தியாக்கிரகக் கலாட்டாவின்போது, வேடிக்கை பார்க்க நின்ற அவனைத்தான் லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாதம் ஜெயில். அந்த மூன்று மாதத்தில் அவன் அம்மா செத்துப் போனாள். இரண்டு சூரி, இரண்டு ஆள், ஒரு கும்பல் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

"ஐயா," என்றான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இனாயத்தும் பார்த்தான்.

"இன்னாடா?"

"மணி இன்னா ஆவுது ஐயா?"

"நாலரை," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "போ வெளியே. உள்ளே மீன் கடை மாதிரி இருக்கு."

ஏட்டு இனாயத்தின் தோளைப் பிடித்துத் திருப்பினார். நாலு அடி போனதும் இனாயத் நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"அஃப்சர்கிட்ட நீ போய் சொல்லாதே. வேற யாரையாவது அனுப்பு."

"இனாயத், நான்..."

"வேற யாரையாவது."

அவனைக் கம்பிக் கதவுக்குள் அனுப்பினார்கள். உள்ளே ஏற்கெனவே இருந்த இரண்டு ஜேப்படிக்காரர்கள் காலை மடக்கி அவனுக்கு இடம் விட்டார்கள். கய்யூம் கதவைச் சாத்தினான். ஏட்டு சாவியை இரண்டு தடவை திருப்பிப் பூட்டினார்.